ஹெர்னியா என்று சொன்னது

ஹெர்னியா ஆபரேஷன் என்றுதான் சவரிநாதன் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஜோகூரில் இருக்கும் மகள் ஜூடித்துக்கும் ஹெர்னியாதான். அவர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேனின் முதலாளிக்கும் ஹெர்னியாதான். அவர் பிறந்து வளர்ந்த ஏழாங்கட்டைத் தோட்டத்து ஆட்களின் வாட்சப் குழுவுக்கும் அதே ஹெர்னியாதான். உண்மையில் வெட்டித் தைத்த இடம் அதற்குக் கொஞ்சம் கீழே. ஆணுறுப்புக்குள் இரண்டு குழாய்களை வைத்து, விதைப்பையில் ஒரு சின்னப் பம்பைப் புதைத்து, அடிவயிற்றுக்குள் உப்புத் தண்ணீர்ப் பை ஒன்றையும் வைத்திருந்தார்கள். பம்பை அமுக்கினால் தண்ணீர் குழாய்க்கு ஏறும், உறுப்பு விறைக்கும். இறக்கிவிட்டால் அடங்கும். இதைப் போய் யாரிடம் சொல்ல? ஐம்பத்தெட்டு வயது மனுஷன், கோயிலில் காணிக்கைப் பை பிடிக்கிறவர், பேரன் எடுத்தவர்.

வலி இருக்கும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். முதல் வாரம் கூடுதலாக இருக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்றார். சவரிநாதன் தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து மயக்க மருந்தெல்லாம் இறங்கிய பிறகல்லவா தெரிந்தது! இருமினால் வலி, சிரித்தால் வலி, இடுப்பில் கட்டிய சாரம் உரசினால் வலி. ஒண்ணுக்குப் போக எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் முட்ட நிற்க வேண்டும். குனிந்து பார்த்தால் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது. அதைப் பார்த்து அவர் ஒரு தடவை அழவே அழுதார்.

மனைவி எல்ஸிதான் அவரைத் தாங்கினாள். பாலர் பள்ளியில் சமையல் வேலை அவளுக்கு. ஒரு வாரம் லீவு போட்டாள். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி வைப்பதும், மாத்திரையை வலி வருவதற்கு முன்பே கையில் கொடுப்பதும், காலுக்கிடையில் சுருட்டிய துண்டை வைத்துத் தூக்கிக் கொடுப்பதும், விரலில் குத்தி இனிப்பு நீருக்குச் சர்க்கரை அளவு பார்ப்பதும் எல்லாம் அவள் பொறுப்பு. "வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லுங்க லா. பல்லக் கடிச்சுத் தாஹான் பண்ணி பொறுத்துக்கிட்டு கிடந்தா யாரு மெடல் குடுக்கப் போறா?" என்பாள். அப்படி அவள் பார்த்ததில் வாரக் கடைசியில் வலி உண்மையிலேயே இறங்கியது. ஒரு காலை அவர் யாரையும் பிடிக்காமல் வாசல் வரை நடந்து, சிலிபின் ஊர்ப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். எல்ஸி கைதட்டினாள்.

இந்தக் காரியத்துக்கு அவர் மட்டும் ஆசைப்பட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. இனிப்பு நீர் அவரை ஆறு வருஷமாக ஒன்றுக்கும் ஆகாமல் செய்துவிட்டிருந்தது. மாத்திரை கேட்கவில்லை, ஊசி கேட்கவில்லை. கட்டிலில் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு படுப்பது வழக்கமாகிவிட்டது. கடைசியில் இந்த வழி இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, சவரிநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, எல்ஸிதான் நிமிர்ந்து, எத்தனை வாரத்துக்குப் பிறகு நாங்கள் சேரலாம் என்று கேட்டாள். சவரிநாதனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் வீடு வரும் வரை மனுஷனுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

சந்தோஷத்தோடு ஒரு பயமும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தது. டாக்டர் கடைசியாகச் சொல்லி அனுப்பிய பேச்சுதான் காரணம். காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, பம்பு நகராமல் தோலோடு ஒட்டிக்கொண்டாலோ, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் உடனே வந்துவிடுங்கள் என்றார். உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கிறது, கிருமி அந்தப் பொருளில் ஏறிவிட்டால் மாத்திரைக்கு அடங்காது, எடுக்க வேண்டி வரும் என்றார். எல்ஸியின் காதில் 'உடனே வாங்க' என்பது விழுந்தது. சவரிநாதனின் காதில் விழுந்ததோ 'எடுக்க வேண்டி வரும்' மட்டும்தான்.

அவருக்கு அப்படி விழுந்ததற்குக் காரணம் இருக்கிறது. அவருடைய அண்ணன் செபஸ்தியான் கால் விரலில் ஒரு சின்னப் புண்ணோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்கும் பிறகு பெட்டியில் வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் வெட்டினார்கள், வெட்டியதால்தான் போனார் என்பது சவரிநாதனின் கணக்கு. எல்ஸி இதைக் கேட்டாலே தலையில் அடித்துக்கொள்வாள். "ரெண்டு மாசம் துணியச் சுத்தி மறைச்சு வெச்சாரே உங்கண்ணன், அதச் சொல்லுங்க மொதல்ல!" என்பாள். அவர் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போது பொய் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. ஏழாங்கட்டை ரப்பர் தோட்டம் எண்ணெய்ச் செம்பனையாகி, வீடுகளாகி, ஆட்கள் ஈப்போ முழுக்கச் சிதறிப் பல வருஷம் ஆயிற்று. ஆனாலும் ஒருத்தன் படுத்துவிட்டால் எல்லாரும் வந்து பார்த்தே தீர வேண்டும், வராதவன் ஆளே இல்லை. மைலோ டின், பிஸ்கட், விறால் மீன் சூப்பு என்று வந்து குவிந்தது. எல்லாருக்கும் முதலில் வந்தவர் மரியசூசை. தோட்டத்தில் ஒரே வீட்டு வரிசையில் பிறந்து வளர்ந்த ஆள், இப்போது இரண்டு வீடு தள்ளி இருக்கிறார், அன்பியத்துக்குத் தலைவர் வேறு. வட்டாரத்துக் கத்தோலிக்க வீடுகளைக் கூட்டி ஜெபமாலை சொல்வதும் நோயாளி வீட்டுக்கு ஆட்களை அழைத்துப் போவதும் அவர் பொறுப்பு. போன வருஷம் அவருக்கு நிஜமாகவே ஹெர்னியா வெட்டியிருந்தது. கேட்கவா வேண்டும்? ஹெர்னியாவைப் பற்றி அவரை விட்டால் பேச ஆளில்லை.

"மச்சான், இது இல்லாம நீ நடக்கவே கூடாது" என்று ஒரு பெல்ட்டை எடுத்து நீட்டினார். இடுப்பைச் சுற்றி வரும் அகலப் பட்டை. கவட்டையில் அமுக்குவதற்குத் தடித்த திண்டு. தொடைகளுக்கு நடுவே போய்ப் பின்னால் மாட்டும் இன்னொரு பட்டை. "நான் ஆறு மாசம் போட்டிருந்தேன். கொடல் ஒரு இஞ்சு எறங்கல. எந்திரி, நானே கட்டி உடுறேன்."

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்பார். டாக்டர் சொல்லவில்லை என்றால், எந்த டாக்டர், எனக்குச் செய்தவரா, நம்பர் கொடு நானே கேட்கிறேன் என்பார். அப்படிப்பட்ட ஆள். சுற்றிலும் ஐந்தாறு பேர் மைலோ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்ஸி வாயைத் திறந்தாள். சவரிநாதன் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். மரியசூசை சாரத்தின் மேலேயே பெல்ட்டைச் சுற்றி, முழங்காலை ஊன்றி இறுக்கி மாட்டினார். சவரிநாதனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லா இருக்கு மச்சான்" என்றார்.

ஆட்கள் போனதும் எல்ஸி அதைப் பிடுங்கி எறிந்தாள். "தையல் போட்ட எடத்துல போய் இதக் கட்டுவாங்களா? டாக்டர் என்னா சொன்னாரு? பம்ப தெனமும் மெதுவா கீழ இழுத்து விடணும், மேல ஏறக் கூடாதுன்னு சொல்லல?"

"இல்ல எல்ஸி, அவன் முன்னால மட்டும்."

"அவரு முன்னாலயும் வேணாம். உண்மையச் சொல்லிடலாம் லா. சூசையண்ணந்தான? வெளிய சொல்ல மாட்டாரு."

"சூசையா? அவன் வாயில விழுந்தா காம்பார் டவுனு வரைக்கும் போயிரும். அதுக்கு நான் செத்துருவேன்."

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் விட்டுவிட்டாள். மறுநாள் அவளுக்கு வேலை தொடங்கியது. அவள் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் மரியசூசை வந்துவிட்டார். ஓய்வு பெற்ற மனுஷனுக்குப் போக வேறு இடம் இல்லை. காலை முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்ப்பார். "பெல்ட்டு எங்க மச்சான்?" என்று கேட்டு, எடுத்துக் கட்டிவிட்டுத்தான் உட்காருவார். மத்தியானம் அவர் போன பிறகு சவரிநாதன் அவிழ்ப்பார். எல்ஸிக்குத் தெரியாமல் அலமாரிக்குப் பின்னால் தள்ளி வைப்பார். அவளிடம் கேட்டால் போடவில்லை என்பார். ஆக, ஊருக்கு ஒரு பொய், பெண்டாட்டிக்கு ஒரு பொய்.

இறங்கிக்கொண்டிருந்த வலி நின்றது. பிறகு திரும்பி ஏறியது. முன்பு இருந்த வலி வேறு. அது பகல் முழுக்க ஒரே சீராக வலித்துக்கொண்டிருக்கும். இப்போது வந்தது குத்திக் குத்தி வலித்தது, தொட்டால் சுட்டது. ஒரு மத்தியானம் பெல்ட்டை அவிழ்த்தபோது திண்டில் ஈரம் இருந்தது. வியர்வை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முகர்ந்து பார்த்தார். வியர்வை இல்லை. மரியசூசை கொடுத்துவிட்டுப் போன காமாட் எண்ணெய் மேசையில் இருந்தது. கடல் அட்டையில் காய்ச்சியது, எந்தப் புண்ணும் ஆறிவிடும் என்று இங்கே எல்லாரும் பூசுவது. அதை எடுத்து அந்த இடத்தில் பூசினார். எரிந்தது. எரிந்தால் ஆறுகிறது என்று நினைத்தார். பயந்துபோன மனுஷன் எதைத்தான் நினைக்க மாட்டான்!

அன்று மத்தியானமே காய்ச்சலும் வந்தது. உச்சி வெயிலில் போர்வை கேட்டது உடம்பு. டெமாம், காய்ச்சல் என்று வாய்விட்டுச் சொல்லவே அவருக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் எல்ஸி அடுத்த நிமிஷம் டாக்டருக்குப் போன் போடுவாள். டாக்டர் வா என்பார். போனால் எடுத்துவிடுவார்கள். ஆறு வருஷம் காத்திருந்து, இத்தனை வலியும் பட்டு, ஒரு தடவைகூட அதைப் பயன்படுத்தாமல் எடுத்துப் போட்டுவிடுவார்கள். பிறகு மறுபடி அதே முதுகு, அதே கட்டில். அவரால் அதை நினைக்கவே முடியவில்லை.

எல்ஸி சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாக வாயில் தெர்மாமீட்டரை வைப்பாள். அதனால் அவள் வருவதற்கு முன்னாலேயே காய்ச்சல் மாத்திரை பனடோல் இரண்டைப் போட்டுக்கொள்ளத் தொடங்கினார். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உடம்பு பச்சைத் தண்ணீராக இருக்கும். பெட்டியில் அவள் எண்ணி வைத்த மாத்திரை குறைந்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று, மரியசூசையை விட்டே கடையில் வாங்கி வரச் சொன்னார். விரலில் குத்துவதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். குத்தவே இல்லை. ஏழு, எட்டு என்று நல்ல எண்ணாக வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"மொகம் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்றாள் எல்ஸி.

"சாப்பாடு எறங்கல."

"வலி?"

"கொறஞ்சிருக்கு."

அவள் அவர் நெற்றியில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். அவள் கையை எடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போன பிறகுதான் மூச்சு வந்தது.

சனிக்கிழமை காலை குளிக்கும்போதுதான் அவர் அதைக் கண்டுபிடித்தார். பம்பை இழுத்துவிட்டுப் பல நாள் ஆகியிருந்தது, கிட்டே கையைக் கொண்டுபோகவே பயம். அன்று ஏதோ ஒரு அசட்டுத் தைரியத்தில் இரண்டு விரலால் தேடினார். இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மேலே, தொடை இடுக்கை ஒட்டி ஏறிப்போயிருந்தது. பெல்ட்டின் திண்டு அமுக்கி அமுக்கி அங்கே தள்ளியிருக்கிறது. மெதுவாகக் கீழே இழுத்தார். வரவில்லை. தோலை மட்டும் நகர்த்திப் பார்த்தார். தோலும் நகரவில்லை. பம்பும் தோலும் பசை வைத்த மாதிரி ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன.

டாக்டர் சொன்ன அத்தனையும் வந்துவிட்டது. பாக்கி ஒன்றும் இல்லை. குளியலறைச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, "மாதாவே, எடுக்க உட்றாத, எடுக்க உட்றாத" என்று முனகினார். வெளியே எல்ஸி பாட்டுப் பாடிக்கொண்டே பருப்பு வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் அவர் வீட்டில்தான் அன்பியத்து ஜெபம். நோயாளி சவரிநாதனுக்காக.

பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். சோபாவை ஓரமாகத் தள்ளிப் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். சவரிநாதனை நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார் மரியசூசை. அதற்கு முன் அறைக்குள் கூட்டிப்போய், ஆட்கள் பார்க்க வேண்டாம் என்று சவரிநாதன் சொன்னபடி சட்டைக்குள்ளே பெல்ட்டையும் கட்டிவிட்டார். "ரொம்ப நேரம் ஒக்காரணும் மச்சான், நல்லா இறுக்கியே கட்டியிருக்கேன்" என்றார். மாத்திரை போட்டும் அன்று காய்ச்சல் இறங்கவில்லை. கண்ணுக்கு முன்னால் ஆட்கள் எல்லாம் ஆடினார்கள்.

ஜெபமாலை தொடங்கியது. மரியசூசை உரத்த குரலில், சவரிநாதனின் ஹெர்னியா குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். எல்லாரும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். ஒருதரம், இருதரம். இல்லாத நோவுக்கு இத்தனை பேரை மண்டியிட வைத்திருக்கிறேனே, இருக்கிற நோவைக் கடவுள் எப்படிப் பார்ப்பார் என்று சவரிநாதன் நினைத்தார். அந்த நினைப்போடுதான் உதறல் வந்தது. முதலில் தாடை. பிறகு கை. பிறகு நாற்காலியே தரையில் தடதடவென்று அடித்துக்கொண்டது.

"கொடல் எறங்கிருச்சு போல!" என்று எழுந்து ஓடி வந்தார் மரியசூசை. "பயப்படாத மச்சான், இறுக்கிப் பிடிச்சா உள்ள போயிரும்." சொல்லிக்கொண்டே சட்டையைத் தூக்கிப் பட்டையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார்.

சவரிநாதன் அலறிய அலறலில் ஜெபமாலை நின்றுவிட்டது. எல்ஸி பாயைத் தாண்டி வந்து மரியசூசையின் கையைத் தட்டிவிட்டாள். அப்போதுதான் பெல்ட்டைப் பார்த்தாள். பட்டைக்கு மேலே அடிவயிறு ரத்தச் சிவப்பாக ஏறியிருந்ததைப் பார்த்தாள். சாரத்தில் மஞ்சளாக நனைந்திருந்ததைப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள். கொதித்தது.

"எத்தன நாளா?" என்றாள். "எத்தன நாளா இப்படி இருக்கு? வாயத் தொறங்க!"

"எடுத்துருவாங்க எல்ஸி" என்றார் அவர். பல் அடித்துக்கொண்டதில் சொல் உடைந்து உடைந்து வந்தது.

அவள் போனை எடுத்தாள். ஆஸ்பத்திரி நம்பரை அழுத்தினாள். "ஹெர்னியான்னு சொல்லு தங்கச்சி, அப்பதான் சீக்கிரம் பாப்பாங்க" என்றார் மரியசூசை. சவரிநாதன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லாத. எல்லாரும் இருக்காங்க. உள்ள போய்ப் பேசு."

அவள் உள்ளே போகவில்லை. உள்ளே போக ஆகும் அந்த ஒரு நொடியைக்கூட வீணாக்க அவளுக்குத் தைரியம் இல்லை. நின்ற இடத்திலேயே, மலாயில், எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகப் பேசினாள். என் கணவருக்கு அங்கே ஆபரேஷன் செய்திருக்கிறது. ஹெர்னியா இல்லை. ஆணுறுப்பில் இம்ப்ளாண்ட் வைத்திருக்கிறது. ஆமாம், ஆணுறுப்பில். பம்பு வைத்தது. இனிப்பு நீர்க்காரர். காய்ச்சல், உதறல், சீழ் வருகிறது. இப்போதே கொண்டு வருகிறோம், டாக்டரை வரச் சொல்லுங்கள்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, "என்னாவாம்?" என்று பக்கத்தில் கேட்டாள். "சும்மா இரு" என்று யாரோ அடக்கினார்கள். சவரிநாதன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்துதான் அவர் இத்தனையும் செய்தார். அது வந்துவிட்டது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று உடம்புக்குள் உட்கார்ந்து உலுக்கிக்கொண்டிருந்ததால், வெட்கப்படக்கூட அவருக்குத் தெம்பு இல்லை.

மரியசூசை தன் கையாலேயே பெல்ட்டை அவிழ்த்தார். அவிழ்க்கும்போது அதில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதே மச்சான்" என்றார். "ஏண்டா எங்கிட்ட சொல்லல? நானாடா கட்டி உட்டேன், தெனமும் நானாடா..." என்று தலையில் அடித்துக்கொண்டே காரை எடுக்க ஓடினார்.

ஆஸ்பத்திரியில் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் படுக்க வைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், இரண்டு கையிலும் ஊசி ஏற்றினார்கள். இனிப்பு நீர் எண்ணைப் பார்த்த நர்ஸ் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். அது அவரை மேலும் பயமுறுத்தியது. டாக்டர் வந்து பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது சவரிநாதனுக்கு. கிருமி உள்ளே ஏறிவிட்டது, ரத்தத்திலும் கலக்கத் தொடங்கியிருக்கிறது, இன்றைக்கே திறக்க வேண்டும் என்றார். இரண்டு வழி இருக்கிறது என்றார். எல்லாவற்றையும் எடுத்து, மருந்து விட்டுக் கழுவி, உடனே புதிது வைக்கலாம். இந்தக் காய்ச்சலோடும் இந்த இனிப்பு நீரோடும் அதுவும் கெட்டுப்போக நிறைய வாய்ப்பு இருக்கிறது, அப்படிக் கெட்டால் உயிருக்கே ஆபத்து, எனக்கு இதில் விருப்பம் இல்லை என்றார். இல்லையென்றால் எடுத்துவிட்டு ஒன்றும் வைக்காமல் தைத்துவிடலாம். அது உயிருக்கு நல்லது. ஆனால் உள்ளே தழும்பு இறுகிவிடும், பிறகு வைப்பது ரொம்பக் கஷ்டம், முடியாமலும் போகலாம். பேசி முடிவு சொல்லுங்கள் என்று திரையை இழுத்துவிட்டு வெளியே நின்றார்.

"புதுசு வெக்கச் சொல்லு" என்றார் சவரிநாதன்.

எல்ஸி போர்வையை அவர் தோள் வரை இழுத்துவிட்டாள்.

"உனக்காகத்தான எல்ஸி. இவ்வளவு பட்டாச்சு. இப்ப உட்டுட்டா ஒண்ணுமே இல்லாம போயிரும். வெக்கச் சொல்லு."

"எனக்காகவா?" என்றாள். "எனக்கு ஆசை இல்லன்னு நான் சொல்லல. இருந்திச்சு. இப்பவும் இருக்கு. டாக்டர்கிட்ட நாந்தான வெக்கத்த உட்டுக் கேட்டேன். ஆனா நீங்க செத்துட்டா, அத வெச்சிக்கிட்டு நான் யாரோட படுக்கிறது? உங்கண்ணன் போனப்புறம் உங்க அண்ணி அங்க தனியா கெடக்கிறாங்களே, அந்த மாதிரி என்னையும் கெடக்கச் சொல்றீங்களா?"

இப்படி அவள் பேசி அவர் கேட்டதில்லை. அவர் அவளைப் பார்த்தார். சமையல் வேலைக்குப் போய் வந்து, அவருக்குத் தெர்மாமீட்டர் வைத்து, அவர் சொன்ன எண்ணையெல்லாம் நம்பிக்கொண்டிருந்த முகம் அது. இந்த முகம்தான் தன்னை ஒதுக்கிவிடும் என்று அவர் பயந்துகொண்டிருந்தார். அந்த முகம் இப்போது அவரை விடப் பயந்து கிடந்தது.

"டாக்டர்" என்று கூப்பிட்டார். திரை விலகியது. "எடுத்துடுங்க. ஒண்ணும் வெக்க வேணாம்" என்றார் மலாயில்.

கட்டிலைத் தள்ளத் தொடங்கினார்கள். எல்ஸி பக்கத்திலேயே நடந்து வந்தாள். மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. உதறல் இன்னும் நிற்கவில்லை. அண்ணன் செபஸ்தியானும் இந்த மாதிரிதான் மல்லாந்து பார்த்துக்கொண்டே போயிருப்பார் என்று நினைப்பு வந்தது. அதை அவரால் விரட்ட முடியவில்லை.

"வெளிய யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"எல்லாரும் வந்திருக்காங்க. அன்பியத்து ஆளுங்க அத்தன பேரும். சூசையண்ணன் ஒரு மூலையில ஒக்காந்து அழுதுகிட்டு இருக்காரு." பிறகு, "போகச் சொல்லிடவா?" என்றாள்.

ஆபரேஷன் அறைக் கதவு திறந்தது. உள்ளிருந்து குளிர் வந்து முகத்தில் அடித்தது. சவரிநாதன் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். யாரையும் போகச் சொல்லாத" என்றார். "இருக்கச் சொல்லு எல்ஸி. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."